விரிப்பின் மறுமுனை

"மூலை!" என்று ஓர் அதட்டல் போடுவாள். போட்ட கையோடு, உருளை இஸ்திரியிலிருந்து ஆவி பறக்க வெளியே வரும் படுக்கை விரிப்பை உதறுவாள். எதிரே நிற்பவள் அதற்குள் மற்ற இரண்டு மூலைகளையும் பிடித்திருக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால், "என்னம்மா, பத்திரிகை அடிச்சு அழைக்கணுமா?" என்பாள். இந்த 'மூலை'யை ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்லிச் சொல்லியே, அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு மூலையக்கா என்று பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

மடிப்பதில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு மடிப்புக்கும் யாராவது ஒருவர் எதிர்ப்பக்கம் நடந்து போய் மூலைகளைச் சேர்க்க வேண்டும் அல்லவா? "ஒரு தடவ நீ வா, ஒரு தடவ நான் வர்றேன். யாரும் யாரையும் ஓசியில நடக்க விடக் கூடாது" என்பாள். வீட்டிலும் கை சும்மா இருக்காது. பால் கவர், பழைய செய்தித்தாள், மகளின் பள்ளிக்கூட ரிப்பன், எது அகப்பட்டாலும் ஆறாக மடிந்துவிடும். புருஷன் குளித்துவிட்டுத் தலை துவட்டி முடிப்பதற்குள் துண்டின் மறுமுனை அவள் கையில் இருக்கும். "எனக்கும் ஒரு கோட்டு வாங்கிக் குடு, உன் கூடவே வேலைக்கு வந்துடறேன்" என்பார் அந்த மனுஷர், பாவம்.

சலவைக்கூடத்தில் நீலக் கோட்டு என்றால் நிரந்தர வேலை. சாம்பல் கோட்டு என்றால் ஒப்பந்தக்காரர் எடுத்துவிட்ட ஆள். மூலையக்கா சாம்பல். எதிரே நின்று மடிக்கும் அவளுடைய சொந்த நாத்தனார், புருஷனின் தங்கை, நீலம். அவள் நாலு வருஷம் முந்திச் சேர்ந்தாள், அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு நிர்வாகம் நிரந்தரமாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. மூலையக்கா சேர்ந்த புதிதில் இரண்டு சம்பளத்துக்கும் நடுவில் பஸ் கட்டணம் அளவுக்குத்தான் வித்தியாசம் இருந்தது. அது வளர்ந்து வீட்டு வாடகை அளவுக்கு வந்தது. பதினோரு வருஷம் கழித்து இன்றைக்கு, நாத்தனார் வாங்குவதில் பாதிகூட இவளுக்கு இல்லை. ஒரே விரிப்பு, ஒரே சூடு, ஒரே இடுப்பு வலி! வயிறு எரியுமா எரியாதா?

மேலாளரிடம் நேராகவே கேட்டாள். "அதெல்லாம் சந்தை நிலவரம்மா, உனக்குப் புரியாது" என்றார் அவர்.

"நானும் தினம் சந்தைக்குப் போறவதான் சார். ஒரே வெங்காயத்த ரெண்டா நறுக்கி, இந்தப் பாதிக்கு ஒரு வெல, அந்தப் பாதிக்கு ஒரு வெலன்னு விக்கிற கடைய நான் பாத்ததே இல்ல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிரந்தர ஆளுங்க பாக்கற வேலையே வேறம்மா" என்று சொல்லித் தொலைத்தார். பிடித்துக்கொண்டாள் அதை. சாம்பல் கோட்டுக்காரர்கள் மொத்தம் ஒன்பது பேர். பயந்து ஒதுங்கியவர்களை வீடு தேடிப் போய் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினாள். மனு இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவைக்குத் தொழிலாளர் அலுவலகம் அசைந்து கொடுத்தது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். எல்லாருக்கும் ஒரே வேலைதான் என்று எழுதினால் ஒன்பது பேருக்கும் சரிசமமான சம்பளம். வேறு வேலை என்று எழுதினால் எல்லாம் குப்பைக்கூடைக்கு.

ஒரு வாரமாக அடுப்படியில் ஒத்திகை நடந்தது. "மடிச்ச விரிப்ப அவர் கையில குடுத்து, 'இதுல நான் மடிச்ச பாதி எது, அவ மடிச்ச பாதி எது, காட்டுங்க சார்'னு கேப்பேன்" என்று குழம்புக் கரண்டியை நீட்டி நீட்டிச் சொன்னாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நாத்தனார் வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் நீலக் கோட்டுக்காரர்கள் யாரும் விரிப்பைத் தொடக் கூடாதாம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு மேற்பார்வை பார்ப்பதுபோல நிற்க வேண்டுமாம். சாம்பல் கோட்டுக்காரர்களே ஜோடி ஜோடியாக மடித்துக்கொள்வார்களாம்.

"ஒரு நாள் சும்மா நின்னா அடுத்த மாசம் என்னை நெசமாவே மேற்பார்வைக்குப் போடறாங்களாம். என்னை மாட்டி விட்டுடாதீங்க அண்ணி."

"நான் உன்ன எதுவும் சொல்லச் சொல்லலையே" என்றாள் மூலையக்கா. "சாப்டுட்டுப் போ." அவளுக்குள் கோபம் கொதித்தது உண்மை. ஆனால் மனம் அதற்குள் வேறொரு கணக்கில் இறங்கிவிட்டது. மேலாளர் ஆட்களைத் தலை தலையாக எண்ணியிருக்கிறார். ஒரு விரிப்பாவது மடித்திருந்தால் ஜோடியாக எண்ணியிருப்பார். ஒன்பது பேரை எப்படி ஜோடி சேர்ப்பது?

மறுநாள் மற்ற எட்டுப் பேரையும் நாலு மேஜையில் அவளே எதிரெதிராக நிறுத்தினாள். ஐந்தாவது மேஜையில் தனியாக நின்றுகொண்டாள். அதிகாரி கோப்பைத் திறந்து, நீலக் கோட்டுக்காரர்கள் கையிலிருந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்த்து, ஏதோ எழுத ஆரம்பித்தார். உருளையிலிருந்து விரிப்பு வந்தது. இரண்டு மூலைகளைப் பிடித்து உதறினாள். மற்ற இரண்டு மூலைகளும் தரையை நோக்கிச் சரிந்தன.

"மூலை!"

குரலில் அதட்டல் இல்லை. ஆனால் நீட்டிய கைகளை அவள் இறக்கவில்லை. நாத்தனார் மேலாளரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. விரிப்பின் நுனி தரையைத் தொட்டுவிட்டது.

"இந்தத் தடவ உன் முறைம்மா" என்றாள் மூலையக்கா.

நாத்தனார் நோட்டுப் புத்தகத்தை அழுக்குத் துணிக் கூடையில் போட்டுவிட்டு வந்து மூலைகளை எடுத்தாள். ஒரு தடவை அவள் நடந்தாள், ஒரு தடவை இவள் நடந்தாள். மடித்து முடித்ததும் மூலையக்கா விரிப்பை அடுக்கில் வைக்காமல் அதிகாரியை நோக்கிப் போனாள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வசனத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. அவர் பாதி எழுதியிருந்த பக்கத்தின்மேல், சூடு ஆறாத அந்த விரிப்பை இரண்டு கைகளாலும் வைத்தாள்.