ஈரச்சாக்கு

எங்கள் பக்கத்தில் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால், என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். சிவகாசியிலிருந்து சாத்தூருக்கு வந்துகொண்டிருந்த பேருந்தில் அன்றும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. ஒரே ஒரு சத்தம். சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து நின்றன. பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பெண்கள் எழுந்து, இரண்டு பக்கமும் குனிந்து வானத்தில் புகையைத் தேடினார்கள்.

"அச்சங்குளம் பக்கமா இருக்குமோ?"

"பொகையக் காணோமே. தாயில்பட்டியா இருந்தா இம்புட்டு கிட்டக்கக் கேக்காது."

நடத்துநர் கைபேசியில் யாரிடமோ பேசி முடித்தார். "குவாரில பாறைக்கு வெடி வச்சிருக்கான். உசுரக் கையில பிடிச்சது போதும், உக்காந்து கம்பியப் பிடிங்க."

எல்லாரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. என்னிடம் ஒரு பக் இன நாய் இருந்தது. சத்தம் கேட்டால் அதற்கு மூச்சு வாங்கும். அன்று சித்திரை வெயில்.

தங்கை வெளிநாடு போனபோது என்னிடம் விட்டுப்போன நாய் அது. தட்டை முகம், பிதுங்கிய கண்கள், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. பக்கத்து வீட்டுப் பெண் முதல் நாள் பார்த்துவிட்டு, "ஏக்கா, இது என்ன, செவுத்துல முட்டிக்கிட்டே பெறந்துச்சா?" என்று கேட்டாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள், என்னைவிட இளையவள். கேலி செய்தவள்தான் பிறகு அதற்கு முட்டையின் மஞ்சள் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் முன்பு பத்திரிகையில் செய்தியாளர். இப்போது சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் புரூஃப் திருத்துகிறேன். வாரத்தில் ஒரு நாள் நேரில் போக வேண்டும். அந்த நாளில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை இல்லையென்றால் நாய் அவள் வீட்டில் இருக்கும். அன்றும் அங்கேதான் விட்டிருந்தேன்.

ஊரில் கால்நடை மருத்துவரிடம் வருபவை பெரும்பாலும் ஆடும் மாடும்தான். அவர் இந்த நாயின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னதை நான் செய்திக்குக் குறிப்பெடுப்பதுபோல் மனத்தில் எழுதிக்கொண்டேன். நாய்க்கு நம்மைப்போல் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். இந்த இனத்துக்கு மூக்குத் துளை கீறல் அளவு; உள்ளே அண்ணச் சதை நீண்டு மூச்சுக்குழலை மறைக்கும். இரைக்க இரைக்க அந்தச் சதை வீங்கும், வீங்க வீங்கக் காற்று குறையும். வெயில், ஓட்டம், பயம் மூன்றுமே அதற்கு ஒன்றுதான்.

அதனால் அது கரகரவென்று மூச்சுவிடும் சத்தத்தை ஒரு காதால் கேட்டுக்கொண்டேதான் புரூஃப் பார்ப்பேன். அந்தச் சத்தம் கூடினாலும் பயம், நின்றாலும் பயம்.

பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தேன். தெருவில் மின்சாரம் இல்லை. அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. எந்நேரமும் திறந்து கிடக்கும் கதவு அது. தட்டியதும் திறந்தாள்.

"வந்துட்டீகளாக்கா? பெரிய சத்தமுல்ல கேட்டுச்சு! நடுநடுங்கிப் போயிட்டான். கதவு, சன்னல் அம்புட்டையும் சாத்தி, ஈரச்சாக்கப் போத்தி விட்டுருக்கேன். இப்பச் சத்தமே இல்ல, தூங்குறான்."

சத்தமே இல்லை என்றாள். அதற்குமேல் எதுவும் என் காதில் ஏறவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கையாளும் அறைகளின் வாசலில் ஈரச்சாக்கு கிடக்கும். பொறி விழுந்தால் சாக்கு, துணியில் தீப்பிடித்தால் சாக்கு. யோசிக்காமல் கை அதற்குப் போக வேண்டும் என்றுதான் அவர்களுக்குப் பழக்குகிறார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் அவள் கையும் யோசிக்காமல் அதற்குப் போயிருக்கிறது.

உள்ளறை அடுப்படிபோல் கொதித்தது. கழுத்துவரை சாக்கு சுற்றி, மூலையில் கிடந்தது நாய். சாக்கை இழுத்தேன். ஈரம் வெந்நீர்போல் சுட்டது. நாயின் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் சாக்குக்குள்ளேயே நின்றிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. நாக்கு நாவல்பழத்தின் நிறத்தில் இருந்தது. விலா மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

குளியலறைத் தரையில் கிடத்தி, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். வாயில் ஊற்றவில்லை, விழுங்கத் தெம்பில்லாத நாய்க்கு அது நுரையீரலுக்குப் போய்விடும். அவள் ஓடிப்போய் ஐஸ் கட்டி கொண்டுவந்தாள்.

"அது வேண்டாம்த்தா, ஐஸ் வச்சா தோல் சுருங்கி சூடு உள்ளயே நின்னுரும். கதவத் திற. விசிறு."

அவள் ஒரு காலண்டர் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் விசிறினாள். "ஏலே, எந்திரிலே. ஏலே, முட்டை தாரேம்லே" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

முதலில் நாயின் தொண்டையிலிருந்து ஒரு செருமல் வந்தது. பிறகு அந்தக் கரகரப்பு, அறுந்து அறுந்து. நான் வந்த ஆட்டோ போகாமல் வெளியே நின்றிருந்தது; அதில் ஏறினோம். இரண்டு பக்கமும் காற்று வர, நான் அதைத் தொடையில் கிடத்திக்கொண்டேன். அவள் வழியெல்லாம் விசிறினாள்.

மருத்துவர் ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார். ஈறைப் பெருவிரலால் அழுத்தி, வெளுத்து மறுபடி சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "பொழச்சுக்குவான்னு இப்பச் சொல்ல மாட்டேன். சாயந்தரம் ஒண்ணுக்குப் போகட்டும், அப்பறம் சொல்றேன்" என்றார். சூடு ஏறினால் சிறுநீரகமும் போகலாமாம். வாசலில் ஆட்டுக்குட்டியோடு காத்திருந்தவர், "நாயா, கொரங்கா?" என்று கேட்டார். அவள் அவரை முறைத்த முறைப்பில் அவர் குட்டியின் காதைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

மாலையில் அது எழுந்து, தள்ளாடி, மருத்துவரின் மேசைக் காலில் சிறுநீர் கழித்தது. மருத்துவர்தான் முதலில் சிரித்தார்.

சாக்கு தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாளைக்கு அவள் வேலைத்தலத்தில் பொறி விழுந்தால் கை ஒரு கணம்கூடத் தயங்கக் கூடாது. யோசித்து, "தீக்கு அதுதான் சரி. இவனுக்கு மட்டும் ஆகாது. காத்துதான் இவனுக்கு மருந்து" என்றேன். அவள் தலையசைத்தாள். பிறகு சில நாட்கள் எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாளே தவிர, நாயைத் தொடவில்லை.

மறுவாரம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். விட்டுப்போக வேறு யாரும் இல்லை. எனக்கும் பயம்தான். நாயை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றேன். கதவும் சன்னல்களும் விரியத் திறந்திருந்தன. அவள் கையை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"சாக்கத் தொட மாட்டேன்க்கா. வேற எதெத செய்யக்கூடாதுன்னும் சொல்லிட்டுப் போங்க. நீங்க சொல்லாம நான் இவன வாங்க மாட்டேன்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். கழுத்தில் கயிறு கட்டக் கூடாது, மார்புப்பட்டைதான். கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்கக் கூடாது. சாப்பிட்ட உடனே ஓடவிடக் கூடாது. கரண்டு போனால் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, காற்று வரும் இடத்தில் விட வேண்டும். நாக்கு நிறம் மாறினால் எனக்குப் போன் செய்வதற்கு முன் தண்ணீர், பிறகு ஆட்டோ. ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள். தெருமுனையில், நான் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டிய டவுன் பஸ் வந்து நின்று, ஒலி எழுப்பிவிட்டுப் போனது.

"போயிருச்சேக்கா."

"போகட்டும். நாக்கு என்ன நிறத்துல இருக்கணும், சொல்லு."

அவள் குனிந்து அதன் வாயைப் பார்த்தாள்.