வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து

பேராசிரியர் பாக்கியநாதனைக் கைது செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றம் செய்தவன் நான்.

ஐம்பதுகளின் தொடக்கம். துறைமுகத்தில், சரக்குகளைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் ஏஜென்ட் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கல்லூரிகள் ஆராய்ச்சிக்கு வரவழைக்கும் கருவிகளுக்கு வரி கிடையாது. 'படிப்புக்கு மட்டுமே, விற்பனைக்கு அல்ல' என்று கல்லூரி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ராயபுரத்திலிருந்த எங்கள் ஆபீசுக்கு அலைய முடியாத பேராசிரியர், கல்லூரியின் சார்பில் வெற்றுத்தாள்கள் சிலவற்றில் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்திருந்தார். தொழிலில் அது வழக்கம்.

அதில் ஒரு தாளில் பொய் எழுதி, ஒரு வியாபாரியின் மைக்ராஸ்கோப்புகளைக் கல்லூரிப் பெயரில் வெளியே எடுத்தேன். கடையில் விற்கும்போது பிடிபட்டன. கல்லூரிக்கு நிஜமாகவே வந்திருந்த தொழுநோய் ஆராய்ச்சிக் கருவியையும் துறைமுகச் சரக்கு ஷெட்டில் நிறுத்திவிட்டார்கள்.

தினமும் கோயிலில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, என் பேர் வெளியே வரக்கூடாது." வெட்கமில்லாமல் இதைத்தான் கேட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சுமை தூக்கும் காசிம் பாய் வந்தார்.

"இன்னா பிள்ளே, பேயறைஞ்சா மாதிரி குந்திகினு கீறே? உங்க வாத்தியாரை உள்ளே வச்சி நோண்டிகினு கீறாங்க. 'கையெழுத்து என்னுது, தப்பும் என்னுது'ன்றாரு. உன் பேரையே எடுக்கலப்பா. இன்னா மன்சன்யா அந்தாளு!"

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதைத் தாங்க முடியவில்லை. ஷெட்டின் பின்புறம், மூட்டைகளுக்கு நடுவே விழுந்து அழுதேன். "என்னை மறைக்க வேண்டாம். என் வாயைத் திறந்துவிடும்."

எழுந்தேன். கஸ்டம்ஸ் ஆபீசுக்கு நடந்தேன். அதிகாரி முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தையும் தடைப்படவில்லை. பேராசிரியர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவரை விட்டுவிட்டார்கள். கருவியும் போய்ச் சேர்ந்தது. உப்புக்காற்றில் அதன் கண்ணாடிகளில் பூசணம் பிடித்திருந்ததாம். எனக்குச் சிறை. மனைவி திருவொற்றியூரில் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பேராசிரியர் கடைசிவரை என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

இதையா செபத்துக்குக் கிடைத்த பதில் என்கிறாய் என்று கேட்பீர்கள். ஆம். குற்றமில்லாத ஒருவர் என் பாவத்துக்காகச் சிறைக்குப் போகாமல் ஆண்டவர் தடுத்தார். அதற்கு என் வாயையே பயன்படுத்தினார். அன்றுமுதல் நான் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. இந்தக் கிழவன் அவருக்கு நன்றி சொல்கிறான்.

உங்களில் யாராவது எதையாவது மறைத்துக்கொண்டு முழங்காலில் நின்றால், எழுந்திருங்கள். யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவர் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். ஆண்டவர் கேட்பார்.