டாக்டரின் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கடலூரில் நான் பார்த்த வேலைக்கு அப்போது ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. டாக்டர் நோயாளியிடம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். நர்ஸும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் அம்மா, "ஆஸ்பத்திரில எழுதுது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். என்னவோ நான் ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதுகிற மாதிரி.

அதற்கு முன்னால் சிதம்பரத்தில், அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். 2005இல் ஒரு நாள் வேலைக்குப் போனால் கதவில் பூட்டு தொங்கியது. நோய்களின் பெயரெல்லாம் தெரியும், கையெழுத்தும் சுமாராக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட, கடலூரில் நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ். சிப்காட் கெமிக்கல் பேக்டரிகள் பக்கம் வந்ததும் மொத்த பஸ்ஸும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். அதுவரை தூங்கிக்கொண்டு வருகிற நான் அந்த நாற்றத்தில்தான் கண்விழிப்பேன்.

பொது மருத்துவர்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். அறுபதை நெருங்கியவர். மூக்குக்கு மேல் கோபம். முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"இந்த ஊர்ல எல்லார் வயித்தையும் எனக்குத் தெரியும்மா. ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. லேப்புக்கு ஒண்ணு, இன்சூரன்சுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணுன்னு எழுதி எழுதி, குனிஞ்ச தல நிமிரல. நோயாளிய நிமுந்து பாக்காம என்னா வைத்தியம் அது? ஆடி மாசம் வரைக்கும் பாப்பேன். நீ வந்தும் சரிப்படலன்னா, எல்லாத்தையும் வுட்டுட்டு மெட்ராசுல மக வூட்டுக்குப் போயிடுவேன்."

அவர் போனால் என் வேலையும் போகும். அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதைவிட, ஒரு மனுஷன் முகம் பார்க்க இப்படி ஏங்குவாரா என்று அவர்மேல் ஒரு பிரியம் அன்றைக்கே வந்துவிட்டது.

முதலில் வந்தவர் சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு விவசாயி. டாக்டர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். சுழல் ஸ்டூலை அப்படியே என் பக்கம் திருப்பிக்கொண்டு, "அம்மா, எனக்கு ஒரு மாசமா தலசுத்தல்" என்று ஆரம்பித்துவிட்டார்.

தாலுகா ஆபீஸிலும் கரண்ட் ஆபீஸிலும் பழகிய ஜனங்கள். பேனா யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தானே குறையைச் சொல்லிப் பழக்கம்? சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அதோடு விட்டாரா? டாக்டர் பிரஷர் பார்த்துச் சொன்னதும் அந்த விவசாயி என் பக்கம் குனிந்து, "பாப்பா, கொஞ்சம் கொறச்சுப் போடேன், வூட்டுல பயப்படுவாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கொறச்சுப் போட இது என்ன கத்திரிக்காயாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரையையாவது பார்த்துப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் அப்படித்தான். வாரம் முடிவதற்குள் டாக்டரின் முகம் சுண்டிவிட்டது. "முன்னெல்லாம் நான் அவுங்கள பாக்கல. இப்ப அவுங்க என்னைப் பாக்கல. எல்லாருடைய காதும் நல்லாத் தெரியுது" என்றார். என் மேஜையை மூலைக்கு நகர்த்தினோம், ஸ்டூல் மூலைக்குத் திரும்பியது. ஸ்டூலை எடுத்துவிட்டு மர நாற்காலி போட்டோம், உடம்பு டாக்டரைப் பார்த்தது, கழுத்து என்னைப் பார்த்தது. எதிர் அறை எலும்பு டாக்டர் எட்டிப் பார்த்து, "சார், கழுத்து வலி கேஸா எனக்கு வந்துகிட்டே இருக்கு, ரொம்ப தேங்க்ஸ்" என்று வெறுப்பேற்றிவிட்டுப் போனார்.

ஆனி பிறந்தது. டாக்டர் மகளிடம் போனில் மாடி அறையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் அவர், "நீ எங்கம்மா உக்காந்தா இவுங்க என்னப் பாப்பாங்க?" என்று கத்தினார். நானும் பொறுமையிழந்து, "உங்க முதுகுக்குப் பின்னால உக்காந்துக்கறேன், போதுமா சார்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, வீம்புக்கு அவர் பின்னாலேயே உட்கார்ந்தேன்.

அடுத்து வந்தவர் பரங்கிப்பேட்டை அம்மா ஒருவர். துபாயிலிருக்கும் மகனை நினைத்துத் தூக்கமில்லை என்று ஆரம்பித்து அழுதார். டாக்டரின் தோளுக்கு மேலே நேராக என் கண்ணைப் பார்த்துத்தான் அழுதார். ஆனால் முகம் டாக்டர் பக்கம் இருந்தது. டாக்டர் அசையவில்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனதும் திரும்பி, "பாத்தியா? என்னைப் பாத்துப் பேசுனாங்க!" என்றார். "ஆமாம் சார்" என்றேன்.

ஆடி வந்தது, போனது. மெட்ராஸ் பேச்சே இல்லை. எலும்பு டாக்டரும் மதியத்துக்கு மேல் என்னைக் கடன் வாங்கிக்கொண்டார். குழந்தை டாக்டர் அறையில் எழுதியதைவிடப் பிள்ளைகளிடமிருந்து பேனாவைப் பிடுங்கியதுதான் ஜாஸ்தி. பிரசவ டாக்டரம்மா மட்டும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார். "இந்த ரூமுல ரெண்டு காது போதும்மா, கோச்சுக்காத" என்றார். அவர் சொன்னதும் சரிதான். மற்ற மூவருக்கும் வருஷக்கணக்கில் எழுதினேன். பொது டாக்டரின் முதுகில் சட்டைத் தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்பதுவரை எனக்கு அத்துப்படி. ரோட்டில் ஜனங்களைப் பார்த்தால், "இன்னா, தலசுத்தல் நின்னுச்சா?" என்று அவரே முதலில் கேட்க ஆரம்பித்திருந்தார்.

கல்யாணமாகிச் சிதம்பரத்தோடு நின்றுவிட்டேன். 2012இல் அம்மா போனாள். அதற்குப் பிறகு எனக்கு நெஞ்சு படபடப்பு, தூக்கம் போச்சு. வீட்டுக்காரர் வற்புறுத்தி அந்தப் பொது டாக்டரிடமே அனுப்பினார்.

அதே அறை. அவர் பின்னால் அதே நாற்காலி, அதில் ஒரு புதுப் பெண். உட்கார்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா போனதை, விடிய விடிய விழித்துக் கிடப்பதை, சோறு இறங்காததை எல்லாம் சொன்னேன். பிரஷர் பார்த்து டாக்டர் அளவைச் சொன்னார், அதிகமாக இருந்தது. "கொஞ்சம் கொறச்சுப் போடும்மா, வூட்டுல பயந்துடுவாரு" என்றேன்.

டாக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவ்வளவு நேரமும் அவர் தோளுக்கு மேலே அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன்.

"சார்..." என்றேன், வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவுங்க உன்னைத்தான் பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அந்தப் பரங்கிப்பேட்டை அம்மா வந்த அன்னிலேருந்தே தெரியும். யாரப் பாத்தா என்னாம்மா? நான் அவுங்களப் பாத்தேன்ல, அதுக்குத்தான நான் ஆசப்பட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "இப்ப உன்னப் பாக்குறேன். அம்மாவ நெனச்சு அழுவணும்னா அழு. அந்தப் பொண்ணு அத எழுத மாட்டா."