மேட்டைக் குழி என்ற அறிக்கை

பேராசிரியர் அவர்களே, நீங்கள் படங்களை இடம் மாற்றி வைத்தீர்கள். மேட்டைக் குழி என்று எழுதினீர்கள். சொன்ன பிறகும் திருத்தவில்லை.

நான் நிபுணன் இல்லை. முன்பு உணவகத்தில் கோப்பை கழுவினேன். 2009இலிருந்து வின்டர்தூரில் ரயிலேறிப் போய், நீங்கள் ஆய்வு செய்யும் காப்பகத்தில் பழைய வான்படச் சுருள்களை ஸ்கேன் செய்கிறேன்.

வரைபடம் போடுவதற்காக விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த படங்கள் அவை. ஒரே நிலம் இரண்டு படங்களில் விழுந்திருக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து இரட்டைக் கண்ணாடிக் கருவியால் பார்த்தால் வீடும் மரமும் எழும்பி நிற்கும். இடம் வலம் மாறினால் மேடு குழியாகிவிடும்.

உங்களுக்கு ஒரு பழக்கம். சின்ன எண் உள்ள படம் இடது, பெரிய எண் உள்ளது வலது. விமானம் மேற்கிலிருந்து கிழக்கே பறந்தால் அது சரி. அந்தச் சுருளில் விமானம் கிழக்கிலிருந்து மேற்கே பறந்தது. நீங்கள் கவனிக்கவில்லை. வயலில் மூன்று வட்டங்கள் பள்ளமாகத் தெரிந்தன. பழைய சரளைக் குழிகள், பாதுகாக்கத் தேவையில்லை என்று அறிக்கை போனது. அதே படத்தின் மூலையில் ஒரு வைக்கோல் கொட்டகை நிற்கிறது. அதன் கூரையும் பள்ளமாகத்தான் தெரிந்திருக்கும். கூரையை நிலத்துக்குக் கீழே யார் போடுவார்கள்? அவை குழிகள் இல்லை, பழங்காலத்தில் இறந்தவர்கள் மேல் மண் குவித்த புதைமேடுகள்.

உங்கள் அறைக்கு வந்து சொன்னேன். ஆர்வத்துக்கு நன்றி என்றீர்கள். ஸ்கேன் வேலை பிந்துகிறது என்றும் நினைவுபடுத்தினீர்கள்.

வீட்டில் வந்து கத்தினேன். மனைவி சட்டி கழுவிக்கொண்டே கேட்டாள்: "உங்கட வேலை என்ன? படத்தை மெசினில வைக்கிறது. வைச்சிட்டு வாங்கோவன். பேராசிரியர் வேலை ஆர் தந்தது?"

"மேட்டைக் குழி எண்டு எழுதியிருக்கிறான்."

"நீங்களும் போன கிழமை தேத்தண்ணிக்குள்ள உப்புப் போட்டனீங்கள். நான் அதுக்கு அறிக்கை எழுதினனானோ?"

ஆனாலும் அந்த ஞாயிறு வயலைப் பார்க்க என்னோடு வந்தாள்.

வயலின் சொந்தக்காரி கணவனை இழந்த விவசாயி. எங்களை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். மேடுகளை மாமனார் காலத்திலேயே உழுது மட்டமாக்கிவிட்டார்களாம். தரையில் நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. பழைய படத்தில் மட்டும்தான் அவை இருக்கின்றன. அங்கே மனிதர்களைப் புதைத்திருக்கிறார்கள் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதனால் விற்பதற்கு முன் உங்கள் காப்பகத்தில் கேட்டிருக்கிறார். குழி என்று பதில் வந்தது. தெருவோரப் பாதியை வீடு கட்ட விற்றார். தோண்டும் இயந்திரம் முதல் வட்டத்தை வாரியபோது வளையமாக அடுக்கிய கல்லும் கறுப்பு மட்பாண்ட ஓடும் வந்தன. குழிக்குள் கொட்டிய குப்பை என்று ஓட்டுநர் லொறியில் ஏற்றிவிட்டார். அவரிடமும் உங்கள் அறிக்கைதான் இருந்தது. நாலைந்து ஓடுகளைப் பொறுக்கி ஒரு பாண் கூடையில் வைத்திருந்தார் அந்த அம்மா.

நான் படங்களைக் காட்டி விளக்கினேன். அவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, அப்படியானால் நான் கல்லறையையா விற்றேன் என்று கேட்டார்.

திரும்பும் ரயிலில் மனைவி, "பாவம், அவவுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றாள்.

"விட்டால் மற்ற ரெண்டும் போயிடும்."

"அப்ப எழுதினவரே வந்து சொல்லட்டும். உங்கட கதையை ஆர் கேக்கப் போகினம்?"

அவள் சொன்னது சரி.

பிழை யாருக்கும் வரும். நானும் ஒரு முழுச் சுருளை மறுபக்கமாகப் போட்டு ஸ்கேன் செய்திருக்கிறேன். மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டுத் திரும்பச் செய்தேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் அவ்வளவுதான் இருக்கும். அந்த அம்மா விற்பனைப் பத்திரத்தில் போட்ட தன் கையெழுத்தை நினைத்து நினைத்துக் குமைகிறார்.

மீதி இரண்டு மேடுகளின் அடிப்பாகங்கள் விற்காத பாதியில் மண்ணுக்குள் இருக்கின்றன. அந்தப் பாதியையும் கட்டட நிலமாக்குவதா என்று கெமைண்ட என்ற ஊராட்சிக் கூட்டத்தில் ஊரவர்கள் கை உயர்த்தி வாக்களிக்கப் போகிறார்கள். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் அறிக்கை பிழையா, நான் சொல்வது பிழையா? கை உயர்த்துவதற்கு முன், அந்த அம்மா கேட்க, எழுந்து நின்று சொல்லுங்கள்.