சிஸ்டர் சொன்னவா

சிஸ்டரின் உள்ளங்கையில் மூன்று குளிசைகள் இருந்தன. ஒன்று மண்ணிறம், ஒன்று நீலம், ஒன்று இளஞ்சிவப்பு. லண்டன் மனோர் பார்க்கில் ஒரு டொக்டர் இரண்டு வீடுகளை ஒன்றாக்கிச் சேர்ஜரி என்று நடத்திய மருந்தகத்தின் பின்னறையில், ரேடியேட்டரோடு ஒட்டிப் போட்டிருந்த சின்ன மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, அவற்றை என் அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனி ஆயுள் முழுக்க இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவு கூடும், குறையும். எந்த நிறம் எத்தனை மில்லிகிராம், மூக்கால் இரத்தம் வந்தால் என்ன செய்வது, மலம் கறுத்துப் போனால் எங்கே ஓடுவது என்று எல்லாவற்றையும் அவர் நிதானமாகச் சொன்னார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான்.

சிஸ்டர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். எண்பதுகளில் லண்டனுக்கு வந்து, இங்கேயே படித்து, வார்டுகளில் வேலை செய்து, பிறகு நர்ஸ் பிராக்டிஷனர் ஆனவர். அந்தப் பட்டம் அப்போது இந்த நாட்டுக்கே புதிது. எங்கள் சனத்துக்கு அது என்னவென்றே தெரியாது. நோயாளியைப் பரிசோதிப்பார், வருத்தம் இன்னதென்று முடிவு செய்வார், மருந்துச் சீட்டையும் எழுதுவார். ஆனால் கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு போய் டொக்டரின் கதவடியில் நிற்க வேண்டும். டொக்டர் தொலைபேசியில் பேசிக்கொண்டே, வாசிக்காமல், பேனையை ஓட்டிவிடுவார். நோயாளிகளின் வரிசைக்கு முன்னால் அவர் அப்படி நிற்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் அவருக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் உப அதிபராக இருந்தவர். லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து காசு வாங்கிப் போட்டார். அந்த வீழ்ச்சியை அவர் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் தனக்கு யாராவது ஏதாவது விளங்கப்படுத்த வந்தால் அவருடைய முகம் இறுகிவிடும். அன்றும் இறுகியது.

“நோவுக்கு எண்டு வேற எந்தக் குளிசையும் என்னைக் கேளாமல் எடுக்கக் கூடாது மாஸ்டர். பரசிட்டமோல் மட்டும்தான். ஆர் மருந்து தந்தாலும், நான் வார்பரின் எடுக்கிறன் எண்டு முதல் சொல்ல வேணும்” என்றார் சிஸ்டர். “இப்ப நான் சொன்னதை ஒருக்கா எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ.”

“நீர் எனக்குப் பாடம் கேக்கிறீரோ?”

“பாடமில்லை மாஸ்டர். நான் சரியாச் சொன்னனோ எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு, மனனம் செய்த பாட்டை ஒப்புவிக்கும் பிள்ளையைப் போல வேண்டுமென்றே குரலை நீட்டி, அவர் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். சிஸ்டர் அந்த நக்கலைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “சரி, நல்லது” என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா, “ஒரு நர்ஸுக்கு இவ்வளவு எடுப்பு” என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு முழங்கால் நோ தொடங்கியது. கூண்டுக்குள் மணிக்கணக்காக நிற்கிற வேலை. சிஸ்டரிடம் கேட்டதற்கு, பரசிட்டமோல்தான் தரலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் இரத்தத்தைப் பார்த்து டொக்டரோடு கதைத்துத்தான் என்றார். அப்பா காத்திருக்கவில்லை. அவருடைய பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதே சேர்ஜரியின் டொக்டர்தான் சங்கத்துக்குக் காப்பாளர். சாப்பாடு முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று கதைத்தபோது அப்பா காலைத் தடவிக் காட்டியிருக்கிறார். டொக்டர் காருக்குள்ளிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து, கார் மூடியின் மேல் வைத்து, வீக்கத்துக்கும் நோவுக்கும் கொடுக்கிற ஒரு குளிசையை எழுதிக் கொடுத்திருக்கிறார். “எடுங்கோ மாஸ்டர், ரெண்டு நாளில ஓடித் திரிவீங்கள்.” வார்பரினைப் பற்றி அவர் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. வார்பரின் வாங்கும் வழக்கமான மருந்துக்கடைக்குப் போனால் கேள்வி வரும் என்று அங்கே போகாமல், வேலைக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு கடையில் அதை வாங்கியிருக்கிறார். இவை எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தன.

ஒரு காலை நேரம் குளியலறை வாசலில் அப்பா விழுந்து கிடந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பல நாட்களாக மலம் கறுத்துப் போயிருக்கிறது, அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. டொக்டர் கொடுத்த குளிசையால் வயிற்றுக்குள் புண் வந்து, வார்பரினால் உறைய மறுத்த இரத்தம் உள்ளுக்குள்ளேயே ஓடியிருக்கிறது. பை பையாக இரத்தம் ஏற்றி ஆஸ்பத்திரியில் அவரைக் காப்பாற்றினார்கள். ஆனால் திரும்பி வந்தவர் பாதி மனிதர். அவர் பிறகு வேலைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரி இதை விசாரிக்கச் சொல்லிச் சுகாதார சேவை மேலிடத்துக்கு எழுதியது. டொக்டர் கொடுத்த விளக்கம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். மருந்து எழுதியது தான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வார்பரின் எடுப்பதாக நோயாளி அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அதை நோயாளிக்குக் கற்பிப்பது யாருடைய வேலை? நர்ஸுடையது. நோயாளி சொல்லவில்லை என்றால் நர்ஸ் கற்பிக்கவில்லை. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

அப்பாவும் அதையே சொல்லப் போகிறார் என்று விசாரணைக்கு முதல் நாள்தான் எனக்குத் தெரிந்தது. “அந்தப் பிள்ளை எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்தேல்லை” என்றார், நாற்காலியில் சாய்ந்தபடி.

“அப்பா, நானும் அங்கதானே இருந்தனான்.”

“நீ நாளைக்கு வரத் தேவையில்லை.”

அம்மா குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டா. “அந்த மனிசனிட்ட இனி இருக்கிறது மானம் ஒண்டுதான். அதையும் பறிச்சுப் போடாத பிள்ளை.” ஒரு பெண் சொன்னதைக் கேட்காமல் இரத்தம் போய் விழுந்தேன் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்வதை விட, டொக்டரைக் காப்பாற்றுவது அப்பாவுக்குச் சுலபமாக இருந்தது. அவருடைய பயம் எனக்கு விளங்கியது. ஆனாலும் நான் போனேன்.

விசாரணை நடந்த அறையில் சிஸ்டர் சுவரோரமாகத் தனியே இருந்தார். டொக்டர் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய மப்ளரைச் சரிசெய்து விட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்புக்கு வந்தவர் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னார், ஆங்கிலம் தெரிந்த அப்பாவுக்கு: “சிஸ்டர் சொன்னவா. அப்பா எல்லாத்தையும் திருப்பிச் சொன்னவர்.” அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சொன்னதை விசாரித்தவர்கள் பொய் என்று சொல்லவில்லை. நன்றி என்றார்கள். தகவல் பரிமாற்றத்தில் குறைபாடு என்று முடிவு எழுதினார்கள். டொக்டருக்கு ஓர் அறிவுரை. சிஸ்டரின் வார்பரின் கிளினிக்கை நிறுத்தச் சொன்னார்கள். சில வாரங்களில் அவர் வேலையை விட்டுவிட்டார். கோயிலிலும் கடைகளிலும் “அந்த நர்ஸ் மனிசி மருந்து மாறிக் குடுத்ததாம்” என்ற கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்பா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். “அவவிட்டச் சொல்லு, செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கப் போக வேணும்” என்று அம்மாவிடம் சொல்வார், நான் அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. காரில் பின் இருக்கையில் இருந்து வருவார். அதே சேர்ஜரிக்கு, அதே டொக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

சிஸ்டர் ஹவுன்ஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்வதாக அறிந்து ஒரு முறை போய்ப் பார்த்தேன். என்னை ஆறுதல்படுத்துவார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போலும். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை.

“உம்மட அப்பா பொய் சொன்னது எனக்குப் பெரிசாப் படேல்லை. வருத்தக்காரர் பயத்தில பொய் சொல்லுவினம், அது நான் பாக்காததே? நான் எழுதின சீட்டு ஒண்டிலயும் சைன் வைக்க என்னை விடேல்லை. நான் காணாத ஒரு சீட்டுக்கு மட்டும் நான் பொறுப்பாம். அதைத்தான் என்னால விழுங்க ஏலாமல் கிடக்கு.” பிறகு, “நீர் வந்தது சந்தோஷம். இனி வர வேண்டாம்” என்றார். நான் பிறகு போகவில்லை.

இன்றைக்கு இந்த நாட்டில் நர்ஸ்மார் தங்கள் பெயரிலேயே மருந்து எழுதுகிறார்கள். போன மாதம் எனக்கு எழுதித் தந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. யாருடைய கதவடியிலும் போய் நிற்காமல், என் முன்னாலேயே ஒப்பமிட்டுத் தந்தாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு வந்தது கோபம்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் அப்பா இதயம் களைத்துப் போய் இறந்தார். செத்த வீட்டுக்கு டொக்டர் வந்தார். முன்வரிசையில் கதிரை போட்டார்கள். நான்தான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் என்னைக் கனிவோடு பார்த்தார்.

“உங்கட அப்பா ஒரு அருமையான நோயாளி. சொன்னதைக் கேட்டு நடக்கிற மனிசன்.”

“இல்லை டொக்டர். சிஸ்டர் சொன்னதை அவர் கேக்கேல்லை. நீங்கள் அவரை ஒண்டுமே கேக்கேல்லை” என்றேன்.

“உள்ளுக்குப் போ பிள்ளை” என்றா அம்மா, தலை நிமிராமல். டொக்டர் என்னைப் பார்த்து, துக்கத்தில் பிதற்றும் ஒருத்திக்குத் தலையாட்டுவதைப் போல மெல்லத் தலையாட்டினார். பிறகு தேநீரைக் கடைசிச் சொட்டுவரை ஆற அமரக் குடித்தார்.