பதினான்கு கிளிக்

துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்குவதைப் பற்றி யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது தெரியும்... பாவம், பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். போன ஞாயிறு ஒருத்தி கேட்டாள். ஐந்தே நிமிடத்தில் எனக்கு வாயடைத்துப் போனது.

கேட்டவள் ஜெனித்தா. என் நண்பர் அந்தோனியின் மகள், வயது முப்பத்து நான்கு. எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் போன மாதம்தான் சேர்ந்தாள். பாரிசில் நம்மவர் கடைத்தெருவான லா சப்பலில் நாங்கள் வழக்கமாக ரோல்ஸும் பிளேன்டீயும் எடுக்கும் கடை. தகப்பனைப் பக்கத்தில் இருத்திவிட்டுக் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். இரண்டு படங்கள்.

"மாஸ்டர் மாமா, டரெட் திருப்பிச் சுடுற ஸ்கோப்போ, உள்ளுக்குக் கோடு போட்டதோ? எது நல்லம்?"

மாஸ்டர் என்பது நான்தான். ஊரில் கணக்கு வாத்தியார். பாரிசில் முப்பது வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

துப்பாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரம் கூடக் கூடக் குண்டு கீழே இறங்கும். அந்த அளவுக்கு மேலே குறி வைக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஸ்கோப்பின் தலையிலுள்ள குமிழை — அதுதான் டரெட் — கிளிக், கிளிக் என்று கணக்காகத் திருப்பிவிட்டு, நடுப்புள்ளியை இலக்கில் வைத்துச் சுடலாம். அல்லது டரெட்டைத் தொடாமல், கண்ணாடிக்குள் நடுப்புள்ளியின் கீழே தெரியும் சிறு கோடுகளில் ஒன்றை இலக்கில் பிடித்துச் சுடலாம்.

நான் திருப்புகிற கட்சி. கணக்கு வாத்தியார் வேறென்ன செய்வான்? அந்தோனி கோட்டுக் கட்சி. "திருப்புறது தண்ணிப் பைப்பில மட்டும்தான் மாஸ்டர்" என்பார். இருபது வருடமாக எங்களுக்குள் இதே சண்டை.

ஜெனித்தாவுக்கு வகுப்பைத் தொடங்கினேன். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்று பார்த்து மயங்காதே. டரெட்டும் கோடும் ஒரே அளவையில் இருக்க வேண்டும். கிளிக் ஒவ்வொன்றும் விரலுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பூச்சியத்தில் முட்டி நிற்கிற டரெட் என்றால் இன்னும் நல்லது. ஏனென்றால் திருப்பியவர் சில வேளை மறந்து...

அங்கே நிறுத்திவிட்டேன். அந்தோனி அதைக் கவனிக்கவில்லை.

"கோட்டு ஸ்கோப்புக்குக் கண் வேணும் பிள்ளை," என்றார். "என்ர கதை தெரியும்தானே. பத்துச் சூடு, பத்தும் பிழை."

"கண்ணில ஒண்டுமில்லை எண்டு டொக்டர் சொன்னவர்தானே அப்பா?"

"டொக்டர் சொன்னா? தகடு விழேல்லையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை அது. காலையில் பயிற்சி, மத்தியானம் கிளப் போட்டி. என் துப்பாக்கி திருத்தத்துக்குப் போயிருந்ததால், அந்தோனி தன்னுடையதைத் தந்து பக்கத்திலேயே நின்றார். முந்நூறு மீற்றர் சுட்டேன். என் வழக்கப்படி பதினான்கு கிளிக் ஏற்றினேன். முடிந்ததும் பேச்சுச் சுவாரசியத்தில் துப்பாக்கியை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

போட்டி இருநூறு மீற்றரில். சாப்பாட்டுத் தட்டளவு இரும்புத் தகடுகள். பட்டால் விழும், படாவிட்டால் நிற்கும். அந்தோனி தன் கோட்டைப் பிடித்துப் பத்து முறை சுட்டார். ஒன்றும் விழவில்லை. பின்னால் மழையில் நனைந்த மண்மேடு... குண்டு எங்கே போனது என்று காட்ட ஒரு தூசிகூடக் கிளம்பவில்லை. டரெட்டைத் தொடாதவர் அதை ஏன் பார்க்கப்போகிறார்?

அவருக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். அவரும்.

துப்பாக்கியைப் பையில் வைக்க உதவப் போனபோதுதான் நான் டரெட்டைப் பார்த்தேன். பதினான்கில் நின்றது.

கிளப்பில் புதிதாக வருகிறவர்களிடம் 'சுட்டு முடிந்ததும் பூச்சியத்துக்குத் திருப்பு' என்று ஓயாமல் சொல்பவன் நான்தான். சுற்றிலும் ஆட்கள். உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சத்தம் வராமல், ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். பதினான்கும்.

அந்தோனி அந்த மாதமே துப்பாக்கியை விற்றார். பிறகு காரையும். "இருநூறு மீற்றரில தகட்டுக்குச் சுடத் தெரியாதவன் றோட்டில ஆரை அடிப்பானோ" என்றார். அன்றிலிருந்து தன் வீடிருக்கும் பொண்டியில் பஸ்ஸுக்கு நிற்கிறார். மழையிலும் நிற்கிறார். மகள் கூட்டிவந்தால்தான் லா சப்பல்.

நான் எத்தனை ஞாயிறு அவரோடு இந்த மேசையில் இருந்திருப்பேன்? வாத்தியார்தானே, கணக்குப் பார்க்கலாம். பார்க்கவில்லை.

"அந்தோனி," என்றேன், "உங்கட கண்ணில பிழையில்லை."

முழுவதையும் சொன்னேன். ஜெனித்தா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தினை கிளிக்?" என்று கேட்டார்.

"பதினாலு."

"அப்ப மேலால போயிருக்கு."

"ஓம். ஒரு சாணுக்கும் மேல. பத்தும் ஒரே இடத்தாலதான் போயிருக்கும்."

"பத்தும்?"

"பத்தும்."

அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு அது போய்விட்டது.

"நீங்கள் திருப்பி வைக்கேக்கை நான் பக்கத்தில நிண்டனான் மாஸ்டர். துவக்கில, ஸ்கோப்பில ஏதும் பிழையோ எண்டு கேட்டனான்."

"ஓம்."

"என்ன சொன்னீங்கள்?"

"வயசு எண்டு சொன்னன்."

ஜெனித்தா பிரெஞ்சில் ஏதோ தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தேநீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஜாக்கெட்டைப் போட்டார்.

"கார்த் திறப்பைத் தா," என்றார் மகளிடம்.

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாவியைக் கொடுத்தாள். அவர் வெளியே போனார். கதவைச் சத்தமாகச் சாத்தவில்லை.

கடைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் காருக்கு முன்னால் ஒரு வான், பின்னால் ஒரு வான், இடையில் ஒரு முழம். அந்தோனி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை... ஒன்றிலும் முட்டாமல் எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவருக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். இன்னும் அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

ஜெனித்தாவின் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. இரண்டு ஸ்கோப்பும் நல்லதுதான் பிள்ளை. எதை வாங்கினாலும் சுடுமுன் டரெட் எங்கே நிற்கிறது என்று பார். இன்னொருவரின் துப்பாக்கியில் அது பிழையான இடத்தில் நின்றால் உடனே திருப்பாதே — முதலில் சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு.