மூன்றாவது ‘கடைசி வார்த்தை’

பிரசங்க நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் உங்களுக்குக் கோபம் வருமா? எனக்கு வரும். பொல்லாத கோபம் வரும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் எங்கள் சபையில் ஆயர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பெண்கள் பக்கம், நடைபாதையை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியம், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகை என்றால் ஆயருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். இது சிரிப்பு!

பாக்கியம் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள். மிஷினில் நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும், அதுதான் வேலை. அவள்மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் இருந்தது. காரணம்... ஒரு ஃபாரம்.

சபையில் யாருக்கு என்ன தாலந்து, அதாவது திறமை, இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை ஊழியத்துக்குப் பயன்படுத்துவது என்று கமிட்டியில் முடிவு செய்தோம். ஃபாரம் தயாரித்தது நான். பாட்டு, கீபோர்டு, ஞாயிறு பள்ளி, பூ அலங்காரம், சமையல் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தேன். டிக் அடித்தால் போதும். பாக்கியம் மட்டும் வெறும் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு என்னக்கா தெரியும்? அந்து போன நூல ஒட்டத் தெரியும். அத வச்சு கோயில்ல என்ன செய்ய?”

எனக்குக் காலிக் கட்டங்கள் பிடிக்காது. ‘கூட்டிப் பெருக்குதல்’ என்ற இடத்தில் நானே ஒரு டிக் போட்டுவிட்டேன். என்ன ஒரு நிர்வாகத் திறமை, பாருங்கள்!

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவளை மடக்கினேன். “ஏம்மா, பிரசங்கத்துல என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு?”

“நானா சிரிக்கலக்கா. தங்கராஜ் சாருதேன் சிரிக்க வைக்கிறாரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கராஜ் சார் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். இந்தச் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் ஜெபிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. உதடு அசையும், சத்தம் வராது. பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு, அதில்தான் பேச்செல்லாம்.

சபையின் அறுவடை விழாவான அறுப்பின் பண்டிகைக்கு அவரை ஒரு ஜெபம் எழுதித் தரச் சொன்னோம். அவருக்குப் பதில் நான் வாசித்தேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘இது ஜெபம் இல்லை. நோட்டீஸ்.’ அதற்குப் பிறகு அவர் முன்னால் வரவே இல்லை. அதை நினைத்தால் எங்கள் எல்லோருக்கும் மனசு வலிக்கும்.

“சாருக்குத்தான் சத்தமே இல்லையே?” என்றேன்.

“சத்தம் எதுக்குக்கா? மில்லுல மிஷினு ஓடயில காதுக்குள்ள வந்து கத்துனாலும் கேக்காது. நாங்க வாயப் பாத்துத்தேன் பேசிக்கிருவோம். ஆயரு ஐயா இன்னைக்கு ‘கடைசியா ஒரு வார்த்தை’ன்னு சொன்னாருல்ல? அந்தப் பக்கமிருந்து சாரு, ‘இது மூணாவது கடைசி’ங்கிறாரு. சிரிக்காம என்ன செய்ய?”

ஆண்கள் பக்கத்திலிருந்து சார் வாசலுக்கு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். திகைத்துப் போனார். பாக்கியத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“எம்புட்டு நாளாங்கிறாரு” என்று எனக்குச் சொன்னவள், அவர் பக்கம் திரும்பி, “ஆறு மாசமா, சார்” என்றாள்.

மறுபடி அசைந்தது.

“அம்புட்டையும் கேட்டியாங்கிறாரு. ஆமா சார், அம்புட்டையும்.”

அந்த மனிதர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சத்தமே இல்லாமல். அப்புறம் ஏதோ நீளமாகச் சொன்னார். பாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “அடுத்த வாரம் ஜெபம் பண்ணவா, நீ சத்தம் குடுக்கிறியாங்கிறாரு... எனக்குப் பயமா இருக்குக்கா” என்றாள். “குடுக்கிறேன்னு சொல்லு!” என்று அதட்டினேன். என் அதட்டல் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அடுத்த ஞாயிறு. சார் முன்னால் வந்து நின்றார். எதிரே மைக்கோடு பாக்கியம். சபை முழுக்கக் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் கண்ணை அகலத் திறந்து அவர் உதட்டையே பார்த்தபடி நின்றாள். (நானும் திறந்திருந்தேன். ஆண்டவர் மன்னிப்பார்.)

முதலில் தடுமாறினாள். பிறகு நூல் ஓட ஆரம்பித்துவிட்டது. சாரின் செந்தமிழ், பாக்கியத்தின் வாயில் வேடசந்தூர்த் தமிழாக வந்து விழுந்தது.

“ஆண்டவரே, நான் பேசுறது ஒமக்குக் கேக்குதா இல்லையான்னு ஒரு வருசமா எனக்குச் சந்தேகம். பாக்கியத்துக்கே கேக்குதுன்னா... ஒமக்குக் கேக்காமயா இருந்திருக்கும்?”

அதற்குப் பிறகு எத்தனை பேர் கண்ணைத் துடைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கே கண் சரியாகத் தெரியவில்லை.

குரல் போனதே தவிர சாரின் ஜெபம் நீளத்தில் கொஞ்சமும் குறையவில்லை. நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழை, மில்லு, மாம்பூ என்று எல்லாவற்றையும் சுற்றி வந்தது. நடுநடுவே பாக்கியம், “கடைசியா ஒரு வார்த்தை, ஆண்டவரே” என்பாள். ஜெபம் மறுபடி தொடரும். மூன்றாவது முறை அவள் அதைச் சொன்னபோது சபையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

யார் தெரியுமா? ஆயர்!

எஜமான் கொடுத்த தாலந்தைப் பயன்படுத்தாமல் மண்ணில் புதைத்து வைத்தவனின் பைபிள் கதையை நான் எத்தனையோ ஞாயிறு பள்ளி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். பாக்கியம் எதையும் புதைக்கவில்லை. மண்ணை அள்ளிப் போட்டது நான், அதுவும் அச்சடித்த ஃபாரத்தில். நாம் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம் என்பதற்காக ஆண்டவர் அந்தக் கட்டங்களுக்குள்தான் வரம் கொடுப்பாரா, என்ன?

வீட்டுக்கு வந்ததும் பாக்கியத்தின் ஃபாரத்தை எடுத்து, நான் போட்ட டிக்கைக் கோடு போட்டு நீக்கினேன். ஆனால் கோயிலைப் பெருக்க ஆள் வேண்டுமே... என் ஃபாரத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன்.